சிமென்ட் அடுக்கில் ஒரு 'மியாவ்'!

தீபாவளி அட்வான்ஸ் வாங்கியிருக்கிறீர்களா? வாங்கின அன்றைக்கு மனசுக்குள் சரவெடி. வீட்டுக்குப் போகும் வழியிலேயே பாதி செலவாகிவிடும். அடுத்த மாசத்திலிருந்து சம்பளக் கவரைப் பிரிக்கும்போதெல்லாம், 'எவனோ நம்ம பாக்கெட்டில் கையை விட்டுட்டான்' என்று ஒரு ஆத்திரம் வரும் பாருங்கள்... நாமே வாங்கினது, நாமே கையெழுத்துப் போட்டது என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வராது.

கட்டட கான்ட்ராக்டில் இதே மாதிரி ஒரு அட்வான்ஸ் உண்டு. சுவரில் இன்னும் ஏறாத செங்கல்லுக்கு, கான்கிரீட்டுக்குள் இன்னும் போகாத கம்பிக்கு, சைட்டில் சும்மா கிடக்கிற சரக்கை ஈடு காட்டி வாங்கும் பணம். பெயர் 'செக்யூர்ட் அட்வான்ஸ்'. மூணு வருஷம் பாலிடெக்னிக்கில் இதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தது ஒரு பூனை.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

1994-ம் வருஷம். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு திருச்சியில் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்திருந்தேன். மாசம் 900 ரூபாய், மதியச் சாப்பாடு, ஓட்டிக்கொள்ள முதலாளியின் பழைய டி.வி.எஸ். 50 (பெட்ரோல் என் செலவு, தள்ளுவதும் நான்தான்). ஒரு பொதுத் துறை நிறுவனத்துக்கு ஊழியர் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தோம். சேர்ந்த அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார்:

"தம்பி, கட்டடத்தை நான் கட்டிக்கிறேன். நீ பில்லை மட்டும் கட்டு."

பில் போடுவது என்றால் ஏதோ மளிகைக் கடைச் சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு 'எம்-புக்' என்று ஒரு வேதப் புத்தகம் உண்டு. மெஷர்மென்ட் புக். பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடித்திருக்கும். ஒரு தாளைக் கிழிக்கக் கூடாது, ரப்பரால் அழிக்கக் கூடாது. தப்பு எழுதினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஜே.இ. டேப்போடு வந்து நீளம், அகலம், உயரம் அளந்து இதில் எழுதினால்தான் சுவர் சுவர். எழுதாவிட்டால், நீங்கள் தாஜ்மகாலே கட்டி வைத்திருந்தாலும் அக்கவுண்ட்ஸ் செக்ஷனைப் பொறுத்தவரை அது காலி மனை.

சிக்கல் எங்கே என்றால், முடிந்த வேலைக்குத்தான் பணம். ஆனால் வேலை முடிய, முதலில் சரக்கு வாங்கியாக வேண்டும். கட்டடச் செலவில் பாதிக்கு மேல் சரக்குதான். அதை வாங்கிப் போட்டு, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை கூலி கொடுத்து, அளந்து, எழுதி, பில் பாஸாகிப் பணம் வருவதற்குள் கான்ட்ராக்டருக்கு முடி கொட்டிவிடும். (எங்கள் முதலாளிக்கு முன்னாடியே கொட்டிவிட்டது.)

அதற்கு முந்தைய தலைமுறைக்கு இந்தக் கவலை வேறு மாதிரி. சிமென்ட் கன்ட்ரோலில் இருந்த காலத்தில், பல அரசு வேலைகளில் துறையே தன் ஸ்டோரிலிருந்து சிமென்ட்டும் கம்பியும் கொடுத்து, பில்லில் பிடித்துக்கொள்ளும். 1982-ல் கன்ட்ரோல் பாதி போயிற்று. 1989-ல் முழுசாகப் போயிற்று. 1992-ல் இரும்புக்கும் விலைக் கட்டுப்பாடு போனது. மூட்டை கிடைக்காத கவலை தீர்ந்து, மூட்டைக்குப் பணம் கிடைக்காத கவலை பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில்தான் செக்யூர்ட் அட்வான்ஸ் காப்பாற்ற வருகிறது. கணக்குக்கு வசதியாக, கம்பி டன் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டன் வாங்கி சைட்டில் அடுக்கியிருக்கிறீர்கள். மதிப்பு ஒரு லட்சம். அதில் 75 சதவீதம், அதாவது 75,000 ரூபாயை இந்த பில்லோடு சேர்த்துக் கொடுப்பார்கள். மிச்சம் 25 சதவீதம் உங்கள் பணமாகவே மாட்டிக்கொண்டிருக்கும். அது மாட்டியிருந்தால்தான் கம்பியைச் சீக்கிரம் கட்டி முடிக்க உங்களுக்கு அவசரம் இருக்கும். அந்தக் காலத்துப் பொதுப்பணிக் கணக்கு விதி இந்த 75தான். பிற்பாடு மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்த நிபந்தனைகளில் 90 சதவீதம் வரை போயிற்று. வளைகுடாவில் வேலை பார்த்த நண்பர்களுக்கு 1999-ம் வருஷத்து ஃபிடிக் ஒப்பந்தம் பழக்கமாயிருக்கும். அதில் 80.

சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். சரக்கு அந்த வேலைக்கானதாக இருக்க வேண்டும். சைட்டில் இருக்க வேண்டும். தரம் சரியாக இருக்க வேண்டும். பத்திரமாக வைத்திருக்க வேண்டும். உடைகிற, எரிகிற, கெட்டுப்போகிற சாமானுக்கு பொதுவாகக் கிடையாது. சிமென்ட் கெட்டுப்போகிற சாமானா இல்லையா என்று ஆபீஸுக்கு ஆபீஸ் பட்டிமன்றம் நடக்கும். எங்கள் ஒப்பந்தத்தில் கொடுக்கலாம் என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பத்திரம். 'இந்தச் சரக்கு உங்களுக்கு ஈடு. இந்த வேலைக்குத் தவிர ஒரு கம்பியைக்கூட வெளியே எடுக்க மாட்டேன். மழையில் நனைந்தாலும், திருட்டுப் போனாலும் நஷ்டம் என்னுடையது.' இதில் கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் முதலாளி படிக்காமலே போட்டார். அப்புறம் படிக்க நேர்ந்தது.

சரி, சரக்கை யார் எண்ணுவது? எங்கள் தரப்பில் நான். அவர்கள் தரப்பில் ஜே.இ.

அந்த ஜே.இ.யைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ரிடையராக இரண்டு வருஷம் பாக்கி. வெள்ளை அரைக்கைச் சட்டை, காலில் செருப்பு, பையில் சின்னச் சுண்ணாம்பு டப்பா. வெற்றிலைக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். கம்பிக் கட்டு முனையில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக எண்ணி, பத்துக்கு ஒரு தரம் விரலால் சுண்ணாம்புப் பொட்டு வைப்பார். 12 எம்.எம். கம்பியா? விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கால்குலேட்டரைத் தொட மாட்டார். நான் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே டன் கணக்கைச் சொல்லிவிடுவார்.

ஜல்லிக் குவியலைப் பார்த்தால் கடப்பாறையால் நாலு இடத்தில் குத்திப் பார்ப்பார். அடியில் மண்மேடு இருக்கும்போது மேலே ஜல்லியைக் கொட்டி, மேட்டையும் சேர்த்து விற்றவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஈர மணலை அளக்கவே மாட்டார். லேசான ஈரம் பட்டால் மணல் கால் பங்கு வரைகூட உப்பிக்கொள்ளும். "தண்ணிக்கெல்லாம் நாங்க பணம் தர முடியாது, காயட்டும்" என்பார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். அதனால்தான் இந்தக் கதையே.

தீபாவளிக்கு முந்தின வாரம். அறுபது ஆள் வேலை செய்கிற சைட். சனிக்கிழமை கூலியோடு தீபாவளிக் காசும் கொடுக்க வேண்டும். முதலாளி கையில் பணமில்லை. போன பில்லில் வந்த அட்வான்ஸ்? அது போன மாசமே லால்குடிப் பக்கம் அவருடைய இன்னொரு சைட்டுக்குப் போய்விட்டது. இங்கே கம்பிக்கு வாங்கின பணத்தில் அங்கே அஸ்திவாரம். அங்கே வருகிற பணத்தில் இங்கே கம்பி. அந்தக் காலத்தில் இதற்கு 'ரொட்டேஷன்' என்று மரியாதையான பெயர் இருந்தது.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் சிமென்ட் இருப்பு 420 மூட்டை. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, 600-னு ஸ்டேட்மென்ட் போடு."

"முதலாளி... 420தானே இருக்கு?"

"திங்கக்கெழமை லாரி வந்துரும்டா. பணம் வந்தாத்தான் லாரி வரும். ரெண்டு நாள் முன்னாடி எழுதறோம், அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. 180 மூட்டை, மூட்டை நூறு ரூபாய் என்று வையுங்கள், 75 சதவீதம்... 13,500 ரூபாய். வெளியே சித்தாள் பெண்கள், மகனுக்குச் சட்டை எடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய காசு அந்த 180 மூட்டைக்குள் இருக்கிறது. இல்லாத மூட்டைக்குள்!

எனக்கு 22 வயசு. ஸ்டேட்மென்டில் 600 என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

அன்று ராத்திரி ஸ்டோர் ஷெட்டில் அடுக்கைப் பிரித்து மறுபடி அடுக்கினார்கள். இது ஒரு கலை. சிமென்ட்டை பத்து மூட்டை உயரத்துக்கு மேல் அடுக்கக் கூடாது என்பது விதி. மேலே போனால் அடி மூட்டை அழுத்தத்தில் இறுகிப்போகும். தரையில் படாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைக்க வேண்டும். எங்கள் ஸ்டோர் கீப்பர் அண்ணன் விதியை ஒன்றுகூட மீறவில்லை. நீளத்தில் 10 வரிசை, அகலத்தில் 6 வரிசை, உயரம் 10. மொத்தம் 600. பார்த்தால் பாடப் புத்தகப் படம்! நடுவில் மட்டும் 20 அடுக்கு இடத்துக்குக் காலி. அந்தக் குழியின் மேல் சாரப் பலகையைப் பரப்பி, அதன்மேல் ஒரே ஒரு வரிசை மூட்டை. 20-ஐ 9-ஆல் பெருக்கிப் பாருங்கள். சரியாக 180.

"அண்ணே, பலகை ஒடிஞ்சா?" என்றேன்.

"யாரு மேல ஏறப்போறா? நீ பேசாம போய்ப் படு."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஜே.இ. வந்தார். முதலாளி இளநீர் வெட்டச் சொன்னார். அவர் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு நேராக ஷெட்டுக்குப் போனார். நான் எம்-புக்கைச் சுமந்துகொண்டு பின்னால். எனக்கு அந்தப் புத்தகம் ஒரு மூட்டை கனம்.

நீளத்தை எண்ணினார். அகலத்தை எண்ணினார். உயரத்தை எண்ணினார். என் ஸ்டேட்மென்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எத்தனைப்பா?"

"அறுநூறு சார்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு பேனாவைத் திறந்தார். அறுநூறில் 'ஆறு' எழுத முனை தாளைத் தொட்டிருக்கும்...

"மியாவ்."

பேனா நின்றது. நான் இருமினேன். ஸ்டோர் கீப்பர் அண்ணன் என்னைவிடச் சத்தமாக இருமினார். முதலாளி, சம்பந்தமே இல்லாமல், "இந்த வருஷம் மழை ஜாஸ்தியாமே சார்" என்றார்.

"மியாவ்... மியாவ்."

இந்தத் தடவை இரண்டு குரல். சத்தம் சந்தேகமே இல்லாமல் சிமென்ட் அடுக்கின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. ராத்திரி அடுக்கும்போது தாய்ப் பூனை எப்போது, எந்தச் சந்து வழியாகப் போய்க் குட்டிகளை வைத்ததோ தெரியாது. மழைக் காலத்தில் வெதுவெதுப்பாக, காற்றுப் படாமல், நாலு பக்கமும் சுவர். இதைவிட நல்ல குடியிருப்பை அந்தப் பொதுத் துறை நிறுவனமே கட்டித் தர முடியாது.

ஜே.இ. சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பேனாவை மூடினார். "ரெண்டு ஆளைக் கூப்பிடுங்க. மேல் வரிசையை எடுங்க" என்றார். எடுத்தார்கள். பலகையை நகர்த்தினால் உள்ளே மூன்று குட்டிகள், எங்கள் எல்லோரையும் பார்த்து, ஒரு மனுஷனுக்குக்கூட மரியாதை தராமல் கொட்டாவி விட்டன.

முழுசும் எண்ண வைத்தார். 420. அதை எம்-புக்கில் எழுதினார். பிறகு என் ஸ்டேட்மென்டை எடுத்தார். 600-ஐ அடித்து 420 என்று எழுதி, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். கை நடுங்கியதில் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. கிளம்பும்போது டி.வி.எஸ். பக்கத்தில் நிறுத்தி, முதலாளி காதில் விழாமல் கேட்டார்:

"நான் உன்னை ஏன் கேட்டேன், தெரியுமா? எண்ணத் தெரியாமலா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு வருஷம்ப்பா எனக்கு. இந்த ஒரு பக்கத்துக்காக என் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாத்தையும் ஒரு ஆடிட்காரன் நிறுத்தி வெச்சுருவான். நீ சொன்னதை நம்பித்தான் எழுதப் போனேன்."

புகார் எழுதவில்லை. எழுதியிருந்தால் முதலாளியின் பெயர் கெட்டிருக்கும், என் வேலையும் போயிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் 'எத்தனைப்பா?' என்று கேட்டதே இல்லை. தானே எண்ணினார். அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிற இடம்.

முதலாளி என்ன செய்தார் என்கிறீர்களா? முதலில் வாட்ச்மேனைப் பிடித்து, "பூனையை எவன்டா உள்ளே விட்டது?" என்று அரை மணி நேரம் திட்டினார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலியை அடகுக் கடையில் வைத்து, சனிக்கிழமை அறுபது பேருக்கும் கூலி கொடுத்தார். தீபாவளிக் காசு தலைக்கு ஐம்பது ரூபாய் குறைந்தது. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. அதையும் நான்தான் பட்டுவாடா செய்தேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் முதலாளி பக்கத்து நியாயம் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும். 'திங்கக்கெழமை லாரி வந்திருக்கும்ல?' என்று நானும் நினைத்தேன். வந்ததென்னவோ மழைதான். நவம்பரில் ஒரு வாரம் விடாமல் கொட்டியது. ஷெட் கூரையில் ஒரு தகரம் பறந்து, அறுபது மூட்டை நனைந்து பாறையாகிவிட்டது. சம்மட்டியால் உடைத்தால் தீப்பொறி வரும்போல இருந்தது. அந்த அறுபதுக்கும் ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கித் தின்றாயிற்று. பத்திரத்தில் எழுதின வரி அப்போதுதான் முதலாளிக்குக் கண்ணில் பட்டது: நஷ்டம் என்னுடையது.

அடுத்த பில்லில் பிடித்தம் வந்தது. இந்தப் பிடித்தம்தான் புது ஆட்களுக்குப் புரியாது. கம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 டன்னுக்கு 75,000 வாங்கினோம். இந்த மாசம் 6 டன் தூணுக்குள்ளும் கூரைக்குள்ளும் போய்விட்டது. கம்பி கட்டின வேலைக்கு முழு ரேட்டில் பில் பாஸாகும். அதனால் அந்த 6 டன்னுக்குக் கொடுத்த 45,000-ஐ கழித்துக்கொள்வார்கள். பாக்கி 4 டன்னுக்கான 30,000 மட்டும் ஈடாகத் தொடரும். சிமென்ட்டுக்கும் அப்படியே. எத்தனை மூட்டை செலவானது என்று நம்மைக் கேட்கவே வேண்டாம். 1:2:4 கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஆறு, ஆறரை மூட்டை. எம்-புக்கில் ஏறின கான்கிரீட்டைப் பார்த்தே செலவைச் சொல்லிவிடுவார்கள். அந்த 180 பொய் மூட்டைகளை எழுதியிருந்தால், அடுத்த மாசக் கணக்கில் 'செலவு போக இருக்க வேண்டிய இருப்பு' என்று ஒரு கட்டத்தில் வந்து நின்று, 'எங்கே?' என்று கேட்டிருக்கும்.

முதலாளி பில்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னடா இது? போன மாசம் கொடுத்ததை இந்த மாசம் பிடுங்கறானுங்க!"

"அட்வான்ஸ் முதலாளி... திருப்பிக் கொடுக்கிறதுதானே?"

"லால்குடியிலே போட்டுட்டேனேடா..."

அந்தக் குரலில் கோபம் இல்லை. முதல் தடவையாக அவருக்கு வயசாகிவிட்டதைப் பார்த்தேன். லால்குடி சைட்டில் பில் நாலு மாசம் இழுத்தது. இங்கே பிடித்தம் போகக் கைக்கு வந்தது கூலிக்குக்கூடப் பத்தவில்லை. குடியிருப்பை எப்படியோ முடித்துக் கொடுத்தோம். சங்கிலி மூழ்கிப்போனது. அதற்குப் பிறகு அவர் பெரிய வேலை எதுவும் எடுக்கவில்லை. கடைசி வரை, "நல்ல மனுஷன்தான், அந்த ஜே.இ. கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்பார். நான் பதில் சொன்னதில்லை. தப்பு ஜே.இ. பேரில் இல்லை, 600-ல் இருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

இதெல்லாம் ஆகி முப்பது வருஷத்துக்கு மேல். இப்போது நானே மற்றவர்களின் பில்லைச் சரிபார்க்கிற இடத்தில் இருக்கிறேன். சைட்டிலிருந்து பையன்கள் செல்போனில் போட்டோ அனுப்புகிறார்கள். அடுக்கடுக்காக மூட்டை, அழகாக, நேராக, தேதி நேரத்தோடு. போட்டோவில் நடு வயிறு தெரியாது. அதனால் நேரில் போகிறேன். மேல் வரிசையில் நாலு மூட்டையை நகர்த்தச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஷெட்டுக்குள் ஒரு நிமிஷம் அசையாமல், பேசாமல் நிற்பேன். கூட வருகிற பையன்கள் நான் ஏதோ சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த மூன்று குட்டிகளில் ஒன்றை வாட்ச்மேன் வளர்த்தார். சைட் முடியும் வரை முதலாளியின் நாற்காலியில்தான் தூங்கும். 'அட்வான்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார். அவர் "அட்வான்ஸ்... அட்வான்ஸ்..." என்று கூப்பிடும்போதெல்லாம் முதலாளி திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.